எத்தனை பெட்ரூம், சார்?

சென்னையில் கரப்பான் தொல்லை தாங்காமல் ஒரு பெஸ்ட் கன்ட்ரோல் நிறுவனத்துக்குப் போன் செய்தால், மறுமுனையிலிருந்து பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி இதுதான்: "எத்தனை பெட்ரூம், சார்?" இரண்டு என்றால் ஒரு ரேட், மூன்று என்றால் ஒரு ரேட். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற கணக்கு. எந்தப் பூச்சி, எங்கே தென்படுகிறது, வீட்டில் கைக்குழந்தை உண்டா, ஆஸ்துமாக்காரர் யாராவது இருக்கிறாரா என்றெல்லாம் கேட்பவர்கள் குறைவு. கூப்பிட்டவரும் கேட்பதில்லை. என்ன மருந்து, யார் அடிக்கப் போகிறார், அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று விசாரிக்காமலே, "நாளைக்குக் காலையில வந்துடுங்க" என்று போனை வைத்துவிடுகிறார்.

குன்றத்தூரில் ஓர் இரவு

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூர்ப் பகுதியில், எலித் தொல்லைக்காக ஒரு குடும்பம் பெஸ்ட் கன்ட்ரோல் நிறுவனத்தை அழைத்தது. ஆட்கள் வந்து வீட்டில் மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். அன்று இரவு குடும்பம் ஏ.சி. போட்டுக்கொண்டு தூங்கியது. விடிவதற்குள் வாந்தி, மூச்சுத்திணறல். ஆறு வயதுப் பெண் குழந்தையும் ஒரு வயது ஆண் குழந்தையும் இறந்துபோனார்கள். பெற்றோர் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள்.

ஜன்னல் சாத்திய ஏ.சி. அறையில் வெளிக்காற்று உள்ளே வருவது மிகக் குறைவு. அறையில் இருக்கிற காற்றே திரும்பத் திரும்பச் சுழலும். மருந்து வைத்த வீட்டில் அன்றிரவு படுக்கலாமா, எப்போது ஜன்னலைத் திறக்க வேண்டும் என்பதைச் சொல்வதும் சேர்ந்ததுதான் பெஸ்ட் கன்ட்ரோல் வேலை.

ஒரு மாத்திரைக் கணக்கு

எலிக்கும் தானியப் பூச்சிக்கும் பயன்படும் நஞ்சுகளில் மிகவும் அஞ்ச வேண்டியது அலுமினியம் பாஸ்பைடு. நெல், கோதுமை மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே இந்த மாத்திரைகளை வைப்பது தானியக் கிடங்குகளில் வழக்கம். காற்றிலுள்ள ஈரம் பட்டதும் மாத்திரையிலிருந்து பாஸ்பீன் என்ற வாயு கிளம்பும். பூண்டு வாடை, அல்லது அழுகிய மீன் வாடை என்பார்கள். வாடையே தெரியாத அளவிலும் அது ஆபத்துதான்.

மூன்று கிராம் எடையுள்ள ஒரு மாத்திரை சுமார் ஒரு கிராம் பாஸ்பீனை விடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடியான ஒரு சாதாரணப் படுக்கையறையை எடுத்துக்கொள்வோம். மூடிய அந்த அறையில் ஒரே ஒரு மாத்திரை முழுவதுமாகக் கரைந்தால், காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 25 பங்கு பாஸ்பீன் சேரும். எட்டு மணி நேரம் வேலை செய்யும் தொழிலாளிக்கு அமெரிக்கா அனுமதிக்கும் அளவு 0.3 பங்கு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று வரையறுத்த அளவு 50 பங்கு. அதாவது இரண்டே மாத்திரை. இதற்கு முறிவு மருந்தும் கிடையாது. மருத்துவர்களால் இதயத்தையும் மூச்சையும் தாங்கிப் பிடிக்க முடியும், அவ்வளவுதான்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2010 பிப்ரவரியில் நடந்தது இது. லேட்டன் என்ற ஊரில், வீட்டு வாசலருகே எலி வளைகளில் ஒரு நிறுவனம் இதே மருந்தைப் போட்டது. வீட்டுக்கு உள்ளே போடவில்லை, வெளியே மண்ணில்தான். ஆனாலும் வாயு வீட்டுக்குள் கசிந்து, நான்கு வயதுச் சிறுமியும் அவளுடைய பதினைந்து மாதத் தங்கையும் இறந்தார்கள். அதன் பிறகு குடியிருப்புகளைச் சுற்றி இதைப் பயன்படுத்துவதற்கே அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை தடை போட்டது. இந்தியாவிலும் இது கடையில் யாரும் வாங்கிப்போகும் சரக்கு அல்ல. அரசு நிறுவனங்களுக்கும், நிபுணர் மேற்பார்வையில் இயங்கும் பெஸ்ட் கன்ட்ரோல் நிறுவனங்களுக்கும் மட்டுமே விற்கலாம். நடைமுறையில் மூட்டைப்பூச்சிக்குக்கூட "ரெண்டு மாத்திரை வெச்சிடறோம் சார்" என்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை வாசலோடு அனுப்பிவிடுவதே நல்லது.

உரிமம் யாரிடம்?

வீட்டுக் கரப்பானுக்கு மருந்து அடிப்பவர் வேளாண்மைத் துறையிடம் உரிமம் வாங்க வேண்டும் என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். காரணம், எல்லாவற்றையும் ஆள்வது 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம். வயலுக்கும் வீட்டுக்கும் ஒரே சட்டம். எந்த நஞ்சை எந்தப் பூச்சிக்கு, எந்த அளவில் விற்கலாம் என்பதை மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவுக் குழு முடிவு செய்கிறது. தொழில்முறையில் மருந்து அடிக்க உரிமம் தருவது மாநில வேளாண்மைத் துறை.

உரிமம் கேட்பவருக்குத் தகுதியும் உண்டு. வேளாண்மையிலோ, வேதியியல் ஒரு பாடமாக இருந்த அறிவியலிலோ பட்டம் பெற்றிருக்க வேண்டும். மைசூரு உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடத்தில் குறைந்தது 15 நாள் பயிற்சியும் பெற்றிருக்க வேண்டும். ஆனால் பயிற்சி பெற்றவர் அலுவலகத்தில் இருப்பார். பைக்கில் டேங்கை வைத்துக்கொண்டு வாசலில் வந்து நிற்பவர் போன வாரம் வேலைக்குச் சேர்ந்தவராக இருக்கலாம். ஜி.எஸ்.டி. எண்ணையும் நிறுவனப் பதிவுச் சான்றையும் காட்டி "லைசென்ஸ் இருக்கு" என்பவர்களும் உண்டு. அவை வரி கட்டுவதற்கும் தொழில் நடத்துவதற்குமானவை, நஞ்சைக் கையாள்வதற்கானவை அல்ல. உரிமத்தை அலுவலகத்தில் பார்வையில் படும்படி மாட்டி வைப்பது விதி. ஆகவே அதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வதில் தயக்கமே வேண்டாம்.

ரேட்டுக்குள் என்ன இருக்கிறது

இரண்டு பெட்ரூம் வீட்டில் கரப்பானுக்கு ஒருமுறை ஜெல் வைக்கச் சென்னையில் ஏறக்குறைய ஆயிரம் ரூபாய், கொஞ்சம் முன்பின் ஆகும். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வருடாந்தர ஒப்பந்தம் போட்டால் ஒவ்வொரு முறைக்குமான செலவு குறையும். இந்தக் காசில் மருந்தின் பங்கு சிறிதுதான், மிச்சமெல்லாம் ஆள்கூலியும் அலைச்சலும். பாதி ரேட்டுக்கு வருகிறேன் என்பவர் குறைப்பது பெரும்பாலும் நேரத்தைத்தான்.

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கரையான் வேலையே சாட்சி. கட்டி முடித்த வீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 6313, தரையும் சுவரும் சேரும் இடத்தில் சுமார் ஓரடிக்கு ஒரு துளை போட்டு மருந்து இறக்கச் சொல்கிறது. பத்தடிக்குப் பத்தடி அறையின் சுற்றளவு நாற்பது அடி. அப்படியானால் அந்த ஓர் அறைக்கே நாற்பது துளை. முழு வீட்டையும் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டு டீக்குக் காசு கேட்பவர் எத்தனை துளை போட்டிருப்பார் என்பதை விரல் விட்டே எண்ணிவிடலாம்.

கரப்பான் ஜெல் நேர்மாறு. அங்கே மருந்து குறைவாக இருப்பதே நல்ல வேலைக்கு அடையாளம். கீல் இடுக்கு, சிங்க்கின் அடி, ஃபிரிட்ஜின் பின்புறம் என்று பாசிப்பயறு அளவில் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். அதைத் தின்ற கரப்பான் பொந்துக்குள் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்னும் மற்றவையும் சாகும். சமையலறைச் சின்னக் கரப்பானின் ஒரு முட்டைப் பையில் 30 முதல் 40 முட்டைகள் இருப்பதால், இரண்டு வாரம் கழித்து இன்னொரு நடை தேவைப்படுகிறது. இடையில் பொறுமையிழந்து கடையில் வாங்கிய ஸ்ப்ரேயை அதன்மேல் அடித்தால், கரப்பான் ஜெல்லைச் சீண்டாது. கொடுத்த காசு போச்சு.

"ஹெர்பல் சார், வாடையே வராது" என்பதும் அடிக்கடி கேட்கிற வசனம். வாடை வராதது மூக்குக்கு வசதி, பாதுகாப்புக்கு அத்தாட்சி அல்ல.

டேங்கைச் சுமப்பவர்

வாடிக்கையாளர் வீட்டில் ஒரு மணி நேரம் இருக்கும் நஞ்சு, அடிப்பவரின் தோலில் ஆண்டு முழுக்க இருக்கிறது. ஆர்கனோபாஸ்பரஸ், கார்பமேட் வகை மருந்துகளைக் கையாள்பவர்களுக்கு மாதந்தோறும் ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியின் அளவைச் சோதிக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் சொல்கின்றன. கையுறையும் முகக்கவசமும் இல்லாமல், கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு வரும் இளைஞர்களைப் பார்த்தால், அந்தச் சோதனை எத்தனை பேருக்கு நடக்கும் என்று யோசிக்கத் தோன்றுகிறது. தன் ஆளுக்குக் கையுறை வாங்கித் தராத நிறுவனம் அடுத்த வீட்டுக் குழந்தையைப் பற்றி எவ்வளவு கவலைப்படும்?

இன்னொரு பழக்கம், மருந்தைப் பெயரில்லாத தண்ணீர் பாட்டிலில் கலந்து கொண்டுவருவது. அசல் டப்பாவில் சாய்ந்த சதுரக் குறி ஒன்று உண்டு. அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் மிகக் கடும் நஞ்சு; மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் படிப்படியாகக் குறையும். பாட்டிலுக்கு மாற்றியதும் அந்த அடையாளம் போய்விடுகிறது. டைகுளோர்வாஸ் போன்று 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடைசெய்யப்பட்ட மருந்து அதற்குள் இருந்தாலும் வெளியே தெரியாது.

பெயர் எழுதிய தாள்

மருந்து அடிக்கும் நாளில் கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பாத்திரம், பல் துலக்கும் பிரஷ், விளையாட்டுப் பொருட்கள் எல்லாவற்றையும் மூடி வைக்க வேண்டும். பைரித்ராய்டு வகை மருந்து மீனுக்கும் பூனைக்கும் ஆகாது என்பதால் மீன்தொட்டியை மூடுவதோடு காற்றுப் பம்பையும் நிறுத்த வேண்டும். திரும்பி வந்ததும் ஏ.சி.யைத் தொடாமல் முதலில் ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும்.

பில்லில் "பெஸ்ட் கன்ட்ரோல் சர்வீஸ்" என்று மட்டும் எழுதித் தந்தால் போதாது. மருந்தின் வேதிப்பெயர், வைத்த இடங்கள், வைத்த நேரம் மூன்றையும் எழுதி வாங்க வேண்டும். புரோமடியோலோன் எலிக்கட்டி ரத்தம் உறைவதைக் கெடுக்கும், அதற்கு வைட்டமின் கே. ஆர்கனோபாஸ்பரஸ் என்றால் அட்ரோபின். ஒன்றுக்கான சிகிச்சை மற்றதற்கு உதவாது. தலைசுற்றல், வாந்தி, மூச்சிரைப்பு எது வந்தாலும் எல்லோரும் வீட்டைவிட்டு வெளியேறி 108ஐ அழைக்க வேண்டும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இயங்கும் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. அங்கே போனை எடுப்பவர் என்ன மருந்து என்றுதான் கேட்பார். அப்போது படித்துச் சொல்ல அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.