நொதியம் காட்டிக்கொடுக்கும் நிறமூர்த்தம்

மனிதக் கலத்தையும் சுண்டெலிக் கலத்தையும் ஒன்றாக்கினால் உருவாகும் கலப்புக் கலம், பிரிந்து பெருகப் பெருக மனித நிறமூர்த்தங்களை உதறிவிடும். சுண்டெலியினுடையவை பெரும்பாலும் தங்கிவிடும். 1967இல் மேரி வைஸ், ஹவர்ட் கிரீன் இருவரும் விவரித்த இந்த இழப்புத்தான், எந்தப் பரம்பரையலகு எந்த நிறமூர்த்தத்தில் இருக்கிறது என்று தேட வழிவிட்டது. ஒரு கலவரிசையில் எஞ்சியிருப்பவற்றை நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். ஆனால் நிறமூர்த்தங்களில் பட்டைகளைத் தெரியவைக்கும் சாயங்கள் வருமுன் ஒத்த அளவுள்ளவற்றைப் பிரித்தறிவது பெரும்பாடு. நொதியம் அங்கே இன்னொரு சாட்சி.

மனிதனிலும் சுண்டெலியிலும் ஒரே வேலையைச் செய்யும் நொதியங்கள் சில அமினோ அமிலங்களால் வேறுபடலாம். அதனால் மின்னேற்றம் மாறினால் மின்புலத்தில் நகரும் வேகமும் மாறும். இந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்ட ஒலிவர் ஸ்மிதீஸ் 1955இல் அறிமுகப்படுத்திய ஜெல், உருளைக்கிழங்கு மாப்பொருளைக் காய்ச்சி ஆறவிட்டது. ஆய்வுகூடத்தைவிட அடுக்களைக்கே உரிய பண்டம். கலச்சாற்றில் நனைத்த தாள்துண்டைச் செருகி, குளிரில் மின்சாரம் பாய்ச்சிய பின், அந்தப் பாளத்தைத் தொதல் போலக் கிடையாக அரிந்தெடுப்பார்கள். ஒவ்வொரு தகட்டிலும் ஒவ்வொரு நொதியத்தைத் தேடலாம். சாறு முழுக்கப் புரதங்கள். சாயமோ, தேடும் நொதியம் தன் வேலையைச் செய்த இடத்தில் மட்டும் பிறக்கும்.

குளுக்கோஸ்-6-பொஸ்பேற்று டீஹைட்ரஜனேஸ், சுருக்கமாக ஜி6பிடி, என்ற நொதியத்துக்கு அது ஊதாப் பட்டை. கலப்புக் கலத்தில் மனிதப் பட்டைக்கும் சுண்டெலிப் பட்டைக்கும் நடுவே மூன்றாவது ஒன்றும் தெரியும். இரு துணை அலகுகள் சேர்ந்தே இந்த நொதியம் இயங்குவதால், மனித அலகும் சுண்டெலி அலகும் சோடி சேர்ந்த கலவை அது. இரு பரம்பரையலகுகளும் ஒரே கலத்துக்குள் வேலை செய்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி இல்லை.

ஒரு கலவரிசை போதாது. பல வரிசைகளிலும் மனிதப் பட்டையும் ஒரு நிறமூர்த்தமும் சேர்ந்தே இருந்து, சேர்ந்தே மறைந்தால்தான் தொடர்பு உறுதியாகும். லாக்டேற் டீஹைட்ரஜனேஸின் ஏ அலகு 11ஆம், பி அலகு 12ஆம் நிறமூர்த்தங்களுக்கு உரியவை. இடம் தெரிந்த பிறகு கணக்குத் திரும்பும்: பட்டையைப் பார்த்தே நிறமூர்த்தத்தைச் சொல்லிவிடலாம்.

ஜி6பிடி எக்ஸ் நிறமூர்த்தத்துக்கு உரியது. திருகோணமலை போன்ற, ஒருகாலத்தில் மலேரியா மலிந்திருந்த உலர்வலய மாவட்டங்களுக்கு இது அந்நியப் பெயரல்ல. இந்நொதியம் குறைந்தவருக்கு மலேரியா மருந்தான பிரைமாகுயின் கொடுத்தால் செங்குருதிக் கலங்கள் சிதையக்கூடும். ஆணுக்கு எக்ஸ் ஒன்றே என்பதால் அதில் குறையிருந்தால் ஈடுசெய்ய மற்றொன்று கிடையாது. இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றுவிட்டது; ஆனாலும் வெளிநாட்டிலிருந்து அந்தக் காய்ச்சலோடு வருபவருக்கு அம்மருந்தைக் கொடுக்குமுன் ஜி6பிடி அளவைப் பார்க்கவேண்டியிருக்கிறது.