நாச்செஸ் நகரத்துப் பழைய மனைகள்

ஒரு நாட்டு மக்களின் வாழ்வை அறிதற்கு நூல்கள் கருவியாதல் போல, அவர்தம் மனைகளும் கருவியாகும். கட்டினோரின் செல்வத்தை மட்டுமன்றி, அங்கு உழைத்தோரின் நிலையையும் மனை காட்டும். இவ்வுண்மைக்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியிலுள்ள நாச்செஸ் என்னும் சிறு நகரைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

நாச்செஸ், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உயர்ந்த மேட்டின்மீது அமைந்தது. 1716-இல் பிரெஞ்சுக்காரர் இங்குக் கோட்டை எடுத்தனர். அடுத்த நூற்றாண்டில் பருத்தி வாணிகத்தால் ஊர் செழித்தது. தோட்டங்கள் தொலைவில் இருக்க, அவற்றின் உரிமையாளர் பலர் இவ்வூரில் மாளிகை எடுத்து வாழ்ந்தனர். உள்நாட்டுப் போரில் 1862-இல், பெரும் போர் நிகழாமலே ஊர் வடவர் படைக்குப் பணிந்தது. அதனால் மாளிகைகள் பல அழிவினின்றும் தப்பின.

இம்மாளிகைகளின் புறத்தோற்றம் பெரும்பாலும் பண்டைக் கிரேக்கக் கோயிலைப் பின்பற்றியது. 1856-இல் முற்றுப்பெற்ற டன்லீத் மாளிகையை நாற்புறமும் தூண் வரிசை சூழ்ந்துள்ளது. இவ்வமைப்பு அழகிற்கு மட்டும் உரியதன்று. தூண்களை ஒட்டிய அகன்ற தாழ்வாரம் வெயிலையும் மழையையும் சுவரினின்று விலக்கும். இத்தகைய மனைகளில் முன்வாயிலிலிருந்து பின்வாயில் வரை ஓடும் நடுக்கூடம் காற்றை ஈர்க்கும். உயர்ந்த மேற்கூரை வெப்பத்தை மேலே தங்கவிடும். கிரேக்க வடிவம் வெப்ப நாட்டின் தேவைக்கு இயைந்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

இனி அகத்தே புகுவோம். 1840-களில் எழுந்த மெல்ரோஸ் மாளிகையின் உணவறையில், மேசைக்கு மேலே மகாகனி மரத்தாலான பெரிய பங்கா தொங்குகின்றது. பங்கா என்னும் பொருளும் பெயரும் நம் நாட்டிற்கு உரியவை. சிறகைக் குறிக்கும் பட்சம் என்னும் வடசொல்லின் வழிவந்த இச்சொல், கடல் கடந்து அங்கும் வழங்கலாயிற்று. ஆங்கில அலுவலர் இல்லங்களில் பங்கா இழுத்தோரை நாம் அறிவோம். ஆயின் அவர் கூலி பெற்றோர். மெல்ரோஸில் கயிறு இழுத்தவரோ விலைக்குக் கொள்ளப்பட்ட அடிமை. அம்மாளிகையின் பின்புறத்துத் தனிக் கட்டடத்தில் சமையலறை உள்ளது. அதன் மேல்தளத்தில் அடிமைகள் உறைந்தனர். முன்புறத் தூண்களைக் கண்டு மீள்வோர் மனையின் பாதியையே கண்டவராவர்.

லாங்வுட் மாளிகை இதனை மேலும் தெளிவாக்கும். எண்கோண வடிவும் உச்சியில் வெங்காயம் போன்ற குவிமாடமும் உடைய இதனை, ஹாலர் நட் என்பவருக்காகப் பிலடெல்பியா நகரத்துச் சாமுவேல் சுலோன் வரைந்தார். 1860-இல் பணி தொடங்கிற்று. 1861-இல் போர் மூளவே, வடநாட்டுத் தொழிலாளர் பணியை விட்டு ஊர் திரும்பினர். திட்டமிட்ட 32 அறைகளுள் கீழ்த்தளத்து 9 அறைகளே நிறைவுற்றன. அவற்றை முடித்தவர் அடிமைகள். நட் 1864-இல் இறந்தார். பூச்சற்ற செங்கற்சுவரும் மரச்சட்டங்களுமாக மேல்தளங்கள் இன்றும் உள்ளன. முற்றுப்பெற்ற மாளிகைகள் சுதைப்பூச்சால் மறைக்கும் கை உழைப்பை, முற்றுப்பெறாத இது வெளிப்படக் காட்டுகின்றது.

இவ்வூரின் எல்லையில், கிளைவழிச் சந்திப்பு என்று பொருள்படும் பெயருடைய இடத்தில், பெரியதோர் அடிமைச் சந்தை 1863 வரை நடந்தது. மாளிகைகள் நிலைபெற, அச்சந்தையின் கட்டடம் ஒன்றேனும் எஞ்சவில்லை. 2021-இல்தான் அந்நிலத்தின் ஒரு பகுதி தேசியப் பூங்காத் துறையின் காப்பில் வந்தது.

வில்லியம் சான்சனின் செங்கல் மனையும் இங்குக் கருதற்குரியது. அடிமையாகப் பிறந்து 1820-இல் விடுதலை பெற்ற அவர், முடிதிருத்தும் தொழிலால் உயர்ந்தார். 1835 முதல் 1851-இல் கொலையுண்ணும் வரை நாட்குறிப்பு எழுதினார். 1951-இல் அது நூலாக வெளிவந்தது. அவரும் அடிமைகளை உடையவராயிருந்தார் என்பது, அக்காலச் சமுதாயத்தை எளிதில் வகுத்துரைத்தல் இயலாது என்பதை உணர்த்தும்.

ஆகவே, பழைய மனைகளை வியத்தல் தவறன்று. ஆயின் தூணின் அளவை ஆராய்வோர், பங்காக் கயிற்றின் மறுமுனையையும் ஆராய்தல் வேண்டும். அவ்விரண்டும் சேர்ந்ததே மனையின் வரலாறு.