அமெரிக்க அரசாங்கத்தைக் கற்றல்: யாப்பின் வாசகமும் அதிகாரத்தின் நடைமுறையும்

அரசறிவியலைப் பாடமாகப் பயிலும் எவரும் ஐக்கிய அமெரிக்காவின் அரசாங்கத்தைத் தவிர்த்துச் செல்லுதல் இயலாது. எழுதப்பட்ட யாப்பு, வலுவேறாக்கம், சமஷ்டி, நீதிப் புனராய்வு முதலிய எண்ணக்கருக்களுக்கெல்லாம் அந்நாடே முதன்மையான எடுத்துக்காட்டாகப் பாடநூல்களில் எடுத்தாளப்படுகின்றது. ஆயினும், பரீட்சையை நோக்காகக் கொண்ட கற்கையில் இவ்விடயம் ஜனாதிபதி, காங்கிரஸ், உயர் நீதிமன்றம் என்னும் மூன்று துறைகளின் அதிகாரங்களை வரிசைப்படுத்துவதுடன் பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. அவ்வரிசை பிழையானதன்று, போதாதது.

அதன் போதாமையை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். இனம், நிறம், முன்னைய அடிமை நிலை ஆகியவற்றின் பெயரால் எவருக்கும் வாக்குரிமை மறுக்கப்படலாகாது என 1870ஆம் ஆண்டில் நிறைவேறிய பதினைந்தாவது திருத்தம் விதித்தது. ஆனால் 1890இல் மிசிசிப்பி மாநிலம் தனக்கெனப் புதிய யாப்பொன்றை வகுத்து, தலைவரி, எழுத்தறிவுச் சோதனை ஆகியவற்றை வாக்காளருக்கான தகைமைகளாக்கியது. ஏனைய தென்மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின. இவ்விதிகளில் 'கறுப்பர்' என்ற சொல் இடம்பெறவில்லை. இடம்பெற வேண்டிய தேவையும் இருக்கவில்லை. 1965இன் தொடக்கத்தில் அம்மாநிலத்தில் வாக்களிக்கும் வயதினரான கறுப்பின மக்களுள் ஏறத்தாழ 7 வீதத்தினரே வாக்காளராகப் பதிவு பெற்றிருந்தனர். அவ்வாண்டில் வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியபின், இரண்டே ஆண்டுகளில் அவ்வீதம் ஏறத்தாழ 60 ஆக உயர்ந்தது. இக்காலம் முழுவதிலும் பதினைந்தாவது திருத்தத்தின் வாசகத்தில் ஓர் எழுத்தேனும் மாறவில்லை. வாசகத்தை மட்டும் கற்றவருக்கு 1870, 1964, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளின் அமெரிக்காவும் ஒன்றாகவே தோன்றும். அவ்வாறாயின் எந்த ஆய்வுமுறை இவ்வேறுபாட்டைக் காட்டவல்லது? அமெரிக்க அரசறிவியலின் வளர்ச்சியை இவ்வினாவின் ஒளியில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நிறுவனங்களும் அவற்றின் அடித்தளமும்

அரசறிவியல் அந்நாட்டில் ஒரு தனித்துறையாக உருப்பெற்ற காலத்தில் சட்டமும் யாப்புமே அதன் பிரதான பொருளாக விளங்கின. அமெரிக்க அரசறிவியற் சங்கம் 1903இல் தோன்றியது. அதற்கு முன்னரே, 1885இல், உட்றோ வில்சன் காங்கிரஸ் பற்றிய தமது நூலில் வாசகத்துக்கும் நடைமுறைக்கும் இடையேயுள்ள தூரத்தைச் சுட்டிக்காட்டினார். சட்டவாக்கத்தின் உண்மையான களம் சபை மண்டபமன்று, நிலையியற் குழுக்களின் அறைகளே என்பது அவர் கண்ட முடிவு. இது முக்கியமானதொரு முன்னேற்றமாகும். ஆனால் அக்குழு அறைகளுக்குள் எவரது குரல் எட்டவேயில்லை என்ற வினாவை அவர் எழுப்பவில்லை. பின்னர் அவரே ஜனாதிபதியாகப் பதவி வகித்த காலத்தில் (1913-1921) சமஷ்டி அரசாங்க அலுவலகங்களில் இனப் பிரிப்பு விரிவாக்கப்பட்டமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

வேறொரு திசையிலிருந்து யாப்பை அணுகியவர் சாள்ஸ் பியேர்ட். 1787இல் பிலடெல்பியாவில் கூடி யாப்பை வரைந்தோர் எத்தகைய சொத்துடைமை பெற்றிருந்தனர் என்பதை அரசாங்கத் திறைசேரிப் பதிவேடுகளின் துணையுடன் ஆராய்ந்து, 1913இல் அவர் தமது நூலை வெளியிட்டார். அரச கடன் பத்திரங்களை வைத்திருந்தோரும் வணிக, நிதி நலன்களை உடையோருமே அவ்யாப்பின் முன்னோடிகள் என அவர் வாதித்தார். 1950களில் றொபேட் பிறவுண், பொறெஸ்ற் மக்டொனால்ட் ஆகியோர் அவரது சான்றுகளை மீளாய்ந்து, சொத்து வகைக்கும் அரசியல் நிலைப்பாட்டுக்குமிடையே அவர் கண்ட நேரடித் தொடர்பைப் பலமாக மறுத்தனர். அவரது விடை ஐயத்துக்குரியதாயினும் அவரது வினா நிலைத்துவிட்டது. யாப்பு வானத்திலிருந்து இறங்கியதன்று. குறிப்பிட்ட நலன்களின் மோதலிலும் உடன்பாட்டிலும் பிறந்தது. பிரதிநிதிகள் சபையின் ஆசனங்களைப் பங்கிடுகையில் அடிமைகளின் தொகையில் ஐந்தில் மூன்று பங்கைக் கணக்கிற் சேர்த்த விதியே இதற்குப் போதிய சான்று. வாக்கற்ற மனிதரின் தொகை அவர்களை அடிமைப்படுத்தியோரின் பலத்தைக் கூட்டியது.

2. நடத்தைவாதம்

யாப்பை விடுத்து மனிதரின் அரசியல் நடத்தையை அளவிடவேண்டும் என்ற கருத்து சிக்காக்கோப் பல்கலைக்கழகத்தில் சாள்ஸ் மெரியத்தின் தலைமையில் வலுப்பெற்றது. அவரும் ஹரோல்ட் கொஸ்னெலும் 1923ஆம் ஆண்டுச் சிக்காக்கோ நகராதிபதித் தேர்தலில் வாக்களியாத ஏறத்தாழ 6,000 பேரை விசாரித்து, மறு ஆண்டில் தமது முடிவுகளை வெளியிட்டனர். இம்மரபு முதிர்ந்து, 1960இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளரின் அமெரிக்க வாக்காளர் பற்றிய பெருநூலாகப் பயன் தந்தது. வாக்காளரிற் பெரும்பாலோர் கொள்கைகளை ஒப்பிட்டு வாக்களிப்பதில்லை. இளமையிலேயே பற்றிக்கொண்ட கட்சிச் சார்பே அவர்களை வழிநடத்துகின்றது என அந்நூல் காட்டியது.

நடத்தைவாதம் ஊகத்தின் இடத்தில் சான்றை வைத்தது. எனினும் நிகழ்ந்த நடத்தையை மட்டும் அளவிடும் முறை, நிகழவிடாது தடுக்கப்பட்ட நடத்தையை எளிதிற் காணமாட்டாது. வாக்களிக்க விரும்பாதவரும் வாக்களிக்க அஞ்சியவரும் அட்டவணையில் ஒரே நிரலில் அமர்ந்துவிடும் அபாயம் உண்டு.

3. ஆள்வோர் யாவர்?

1956இல் சமூகவியலாளரான சி. றைற் மில்ஸ், பெருங் கம்பனிகள், இராணுவம், நிறைவேற்றுத்துறை ஆகிய மூன்றின் உச்சியிலுள்ள ஓர் உயர்குழாமே தேசத்தின் பெருந் தீர்மானங்களை மேற்கொள்கின்றது என்றார். இதற்கு மாறாக, றொபேட் டால் 1961இல் நியூ ஹேவன் நகரைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், நகர மீளபிவிருத்தி, பொதுக்கல்வி, கட்சி வேட்பாளர் நியமனம் ஆகிய மூன்று துறைகளிலும் வெவ்வேறு மனிதரே செல்வாக்குச் செலுத்தினர் எனக் கண்டார். பன்மைவாதம் இவ்வாய்வினால் உறுதி பெற்றது.

மறு ஆண்டிலேயே பீற்றர் பக்ராக், மோற்றன் பறற்ஸ் ஆகிய இருவர் அதன் அடிப்படையைக் கேள்விக்குள்ளாக்கினர். தீர்மானத்துக்கு வந்த பிரச்சினைகளைப் பார்ப்பது மட்டும் போதாது. அதிகாரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. சில பிரச்சினைகளை விவாதத்துக்கே வரவிடாது தடுப்பதும் அதிகாரமே என்பது அவர்களின் வாதம். மிசிசிப்பியின் மௌனம் இப்போது பொருள் பெறுகின்றது. முறைப்பாடு எழாமை திருப்தியின் அடையாளமாகாது.

4. விளிம்பிலிருந்து எழுந்த ஆய்வு

இத்துறையில் வி. ஓ. கீயின் தென்மாநில அரசியல் பற்றிய நூல் (1949) தனிச் சிறப்புடையது. தேர்தற் புள்ளிவிபரங்களையும் நேர்காணல்களையும் ஒருங்கிணைத்து, கறுப்பினத்தவர் செறிந்து வாழ்ந்த பகுதிகளின் வெள்ளையரே ஒரு கட்சி ஆட்சியின் முதுகெலும்பாயிருந்தனர் என அவர் நிறுவினார். கட்சிப் போட்டி இல்லாதவிடத்து வறிய வெள்ளையரும் குரலிழந்தனர். உள்ளோர் ஆதாயம் பெற்றனர். நிறவாதம் வர்க்க நலனுக்குக் கேடயமாயிற்று என இதனை நாம் விளங்கிக்கொள்ளலாம்.

1934இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் அரசறிவியற் கலாநிதிப் பட்டம் பெற்ற கறுப்பினத்தவரான றால்ப் பஞ்ச், 1936இல் வெளியிட்ட சிறுநூலில் இனப் பாகுபாட்டை ஏகாதிபத்தியத்துடனும் பொருளாதாரத்துடனும் இணைத்து ஆராய்ந்தார். பின்னர் 1950இல் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவரும் அவரே.

வியற்நாம் யுத்தமும் குடியுரிமைப் போராட்டமும் பல்கலைக்கழகங்களை உலுக்கியபோது துறைக்குள்ளேயே கிளர்ச்சி எழுந்தது. 1967இல் 'புதிய அரசறிவியலுக்கான அணி' உருவாயிற்று. 1969இல் சங்கத்தின் தலைவர் டேவிட் ஈஸ்ற்றன், சமூகப் பொருத்தமும் செயலும் ஆய்வாளரின் கடன் எனத் தமது தலைமையுரையில் வற்புறுத்தினார். விவாதம் இன்னும் ஓயவில்லை. 2014இல் மார்ட்டின் கிலென்ஸ், பெஞ்சமின் பேஜ் ஆகியோர் 1,779 கொள்கை வினாக்களைப் பகுத்தாராய்ந்து, செல்வந்தரும் ஒழுங்கமைந்த வணிகக் குழுக்களும் கொள்கையிற் கணிசமான செல்வாக்குச் செலுத்த, சராசரிக் குடிமகனின் தனிச் செல்வாக்கு மிகச் சொற்பமே என முடிவு கூறினர். அதற்கு முந்திய ஆண்டில், வாக்குரிமைச் சட்டத்தின் மேற்பார்வை ஏற்பாட்டைச் செயற்படுத்திய விதியை உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் செல்லாததாக்கியது. பதினைந்தாவது திருத்தம் அப்போதும் அப்படியே இருந்தது.

முடிவுரை

அமெரிக்க அரசாங்கத்தைக் கற்போர் ஒரு முறையைக் கொண்டாடி மற்றவற்றைத் தள்ளிவிடல் தகாது. யாப்பு எதைக் கூறுகின்றது? நிறுவனங்கள் எங்ஙனம் இயங்குகின்றன? மக்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றனர்? எவர் கணக்கிலேயே சேர்க்கப்படவில்லை? இந்நான்கு வினாக்களும் ஒருங்கே கேட்கப்படல் வேண்டும். நான்காவது வினாவே ஏனைய மூன்றின் விடைகளையும் சோதிக்கும் உரைகல்லாகும்.

இது தொலைதேசத்துக்கு மட்டும் உரிய பாடமன்று. பாரபட்சமான சட்டங்களைத் தடுக்கும் 29ஆம் பிரிவு சோல்பரி யாப்பில் இருந்தபோதே, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தாலும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் திருத்தச் சட்டத்தாலும் மலையகத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் வாக்குரிமை இழந்தனர். அச்சட்டங்களிலும் எந்த இனத்தின் பெயரும் குறிப்பிடப்படவில்லை. 1953இல் கோமறைக் கழகமும் அவற்றை ஏற்றுக்கொண்டது. மிசிசிப்பியைச் சரியாக வாசிக்கக் கற்றவர் நுவரெலியாவையும் சரியாக வாசிப்பர்.