தம் மருந்தைத் தாமே அறியும் உரிமை

மருந்து உயிரைக் காக்கும் பொருள். அளவும் வேளையும் தவறினால் அதுவே உயிருக்கு உலை வைக்கும் பொருளாகிவிடும். இதனை அறியாதார் இலர். ஆயினும், தாம் உண்ணும் மருந்து இன்னதென்று அறிவதற்கே வழியில்லாத ஒரு பெருங்கூட்டம் நம்மிடையே வாழ்ந்து வருவதை நம்மில் எத்தனை பேர் சிந்தித்திருக்கிறோம்? கண் பார்வை இழந்தோர், காது கேளாதோர், பக்கவாதத்தால் விரல்கள் வசமிழந்தோர், அறிவு வளர்ச்சியில் தடையுற்றோர் ஆகிய இவர்களை முன்பு அங்கஹீனர் என்றோம். பின்பு ஊனமுற்றோர் என்றோம். இப்பொழுது மாற்றுத்திறனாளிகள் என்று மரியாதையுடன் அழைக்கின்றோம். பெயரைப் பன்முறை மாற்றிய நாம், மருந்துப் பெட்டியின் மேலுள்ள எழுத்தை அவர்கள் அறியும்படி ஒரு முறையேனும் மாற்றினோமில்லை.

2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி இந்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 2 கோடியே 68 லட்சம் பேர். நமது புதுச்சேரிப் பிரதேசத்தில் மட்டும் 30,000-க்குச் சற்று மேற்பட்டோர். 1995-ஆம் வருஷத்துச் சட்டம் ஏழு வகை ஊனங்களையே ஒப்புக்கொண்டிருந்தது. 2016-ஆம் வருஷத்துச் சட்டமோ இருபத்தொரு வகைகளை ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆகவே உண்மைத் தொகை இதனினும் பெரிதென்று கொள்வதில் தவறில்லை.

நமது குருசுக்குப்பத்தையே எடுத்துக்கொள்வோம். கடலை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இங்குப் பல. ஆடவர் விடியுமுன் படகேறிச் செல்கின்றனர். பெண்டிர் மீன்கூடையுடன் பெரிய மார்க்கெட்டுக்குப் புறப்படுகின்றனர். நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளிற் பலவற்றை உண்ணவேண்டிய வேளை காலை வேளையே. நீரிழிவினாலேயே கண்ணொளி மங்கிய முதியவர் ஒருவர் அந்நேரத்தில் வீட்டில் தனித்திருப்பாராயின், அவர் செய்வது என்ன? ஒரே அளவும் ஒரே வடிவும் கொண்ட மாத்திரைப் பட்டைகளைத் தடவித் தடவி, இதுவாக இருக்கலாம் என்ற ஊகத்தின் பேரில் விழுங்குகிறார். ஊகத்தின் பேரில் மருந்துண்பதைப் போன்ற அபாயம் வேறொன்றுண்டோ?

இன்சுலின் மருந்தைப் பாருங்கள். நம் நாட்டில் அது ஒரு மில்லிக்கு 40 யூனிட் வீதமும் 100 யூனிட் வீதமும் விற்கப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஊசிக்குழல் உண்டு. ஒன்றன் மூடி சிவப்பு, மற்றொன்றன் மூடி ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் குழலில் ஏற்றினால், கோடு சரியாக இருக்கும். உடலில் ஏறும் மருந்தோ இரண்டரை மடங்காகிவிடும். பார்வை மங்கியோருக்குச் சிவப்பு எது, ஆரஞ்சு எது? நிறத்தை மட்டும் நம்பி உயிரை ஒப்படைக்கும் ஏற்பாடு கண்ணுள்ளவர் கண்ணுள்ளவருக்காகச் செய்த ஏற்பாடேயன்றி வேறன்று.

காது கேளாதோர் நிலை வேறு விதம். மருந்து கொடுப்பவர் முகக்கவசத்தின் பின்னிருந்து, கூட்டத்தின் நடுவே, ‘சாப்பாட்டுக்கு முன்’ என்றோ ‘பின்’ என்றோ சொல்லி முடித்துவிடுகிறார். கவசத்தை நீக்கினாலும் தொல்லை தீராது. அவ்விரண்டு சொற்களும் இதழ்கள் மூடித் திறப்பதில்தான் தொடங்குகின்றன. இதழசைவைக் கொண்டே பேச்சை அறிபவர் எளிதில் ஏமாறக்கூடும். ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு வார்த்தை எழுதிக் கொடுத்தால் தீரும் சங்கடம் இது.

விழுங்க முடியாதோர் நிலையையும் கூறவேண்டும். பக்கவாதத்தாலோ மூளை முடக்குவாதத்தாலோ தொண்டை ஒத்துழைக்காதவருக்கு, வீட்டார் அன்பினால் மாத்திரையை இடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கின்றனர். பன்னிரண்டு மணி நேரமோ ஒரு முழு நாளோ மெல்ல மெல்லக் கரைய வேண்டிய மாத்திரைகள் சில உண்டு. அவற்றை இடித்தால் நாள் முழுதுக்கும் உரிய மருந்து ஒரே வேளையில் இரத்தத்தில் கலந்துவிடும். அன்பு குறையில்லாதது, அறிவிக்க வேண்டியவர்கள் அறிவிக்காததே குறை.

அறிவு வளர்ச்சியில் தடையுற்றோருக்கு நேரும் அபாயம் மருந்துக் குறைவு மட்டுமன்று, மருந்து மிகுதியும் ஆகும். இங்கிலாந்தில் இவ்வகையினருள் 30,000 முதல் 35,000 பேர் வரை தக்க வைத்திய காரணமின்றி மனநோய் மருந்துகளை நாள்தோறும் உட்கொண்டு வந்தனர் என்று அந்நாட்டு அரசாங்க ஸ்தாபனம் 2015-இல் மதிப்பிட்டது. அதன் விளைவாக 2016-இல் அந்நாட்டு வைத்தியத் துறை ஓர் இயக்கமே தொடங்கியது. அமைதியாக இருத்தற்பொருட்டு ஒருவருக்கு மருந்தூட்டுவது வைத்தியமாகாது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு, சர்க்கார் மற்றும் தனியார் ஆஸ்பத்திரிகளின் எல்லாப் பகுதிகளிலும் தடையற்ற அணுகலையும், சிகிச்சையில் முன்னுரிமையையும் வழங்குமாறு விதிக்கிறது. தகவல் தொடர்பு என்ற சொல்லுக்கு அச்சட்டமே பொருள் கூறுமிடத்து, பிரெய்லி, பெரிய எழுத்து, சைகை மொழி, ஒலி, எளிய நடை ஆகிய யாவும் அடங்கும் என்கிறது. 2015-ஆம் வருஷத்து மருந்தாளுநர் தொழில் விதிகளோ, மருந்தின் பெயர், அளவு, உண்ணும் முறை, வேளை தவறினால் செய்ய வேண்டியது ஆகியவற்றை நோயாளிக்கு எடுத்துரைப்பது மருந்தாளுநரின் கடமை என்கின்றன. சட்டம் இருக்கிறது, விதி இருக்கிறது. மருந்துக் கடையின் முன் நிற்கும் பார்வையற்றவரின் கையில் மட்டும் ஒன்றும் இல்லை.

கடைக்காரர் பத்து மாத்திரைப் பட்டையில் நான்கை வெட்டிக் கொடுக்கிறார். காலாவதித் தேதி அச்சிட்ட முனை கடையில் தங்கிவிடுகிறது. பெயரில் பாதி நோயாளிக்கு வருகிறது. எழுத்தும் பெரும்பாலும் ஆங்கிலம். கண்ணுள்ள தமிழருக்கே படிக்க இயலாத எழுத்து, கண்ணிழந்தவருக்கு எவ்விதம் பயன்படும்? தாய்மொழியில் நியாயம் கேட்ட நாம், தாய்மொழியில் மருந்து கேட்க ஏன் தயங்குகிறோம்?

பிரெய்லி எழுத்து பிறந்தது பிரான்ஸ் தேசத்தில். லூயி பிரெய்லி 1829-இல் அதனை நூல் வடிவில் வெளியிட்டார். ஐரோப்பிய யூனியன் 2004-இல் இயற்றிய திருத்தத்தினால், மருந்தின் பெயரைப் பெட்டியின் மேல் பிரெய்லியில் பொறிப்பது அங்கே கட்டாயமாயிற்று. அமெரிக்காவிலும் 2012-ஆம் வருஷத்துச் சட்டத்தையொட்டி, பிரெய்லி, பெரிய எழுத்து, பேசும் சீட்டு ஆகியவற்றைப் பற்றி மருந்துக் கடைகளுக்கு வழிமுறைகள் 2013-இல் வகுக்கப்பட்டன. பிரெஞ்சு மொழியையும் பிரெஞ்சு வீதிப் பெயர்களையும் இன்றளவும் போற்றும் நமது ஊர், பிரான்ஸ் உலகுக்களித்த இந்த ஆறு புள்ளிகளையும் போற்றலாகாதா?

இதெல்லாம் செல்வ நாடுகளின் ஆடம்பரம், ஏழை நாட்டுக்கு இயலாது என்று சிலர் கூறுவர். அவர்களுக்கு நம் நாட்டிலிருந்தே இரு சான்றுகள் காட்டுவோம். குஷ்டரோகத்துக்கு உலக சுகாதார ஸ்தாபனம் 1981-இல் வகுத்த கூட்டு மருந்து, இருபத்தெட்டு நாளைக்குரிய அட்டையாக நாள்வாரியாக அடுக்கப்பட்டு, எழுதப் படிக்கத் தெரியாதோர் கையிலும் கொடுக்கப்பட்டது. மாலா-டி என்னும் கர்ப்பத்தடை மாத்திரையிலும் இருபத்தொன்றும் ஏழுமாக இருபத்தெட்டு மாத்திரைகள் வரிசை தவறாது வைக்கப்பட்டிருக்கின்றன. சர்க்கார் மனம் வைத்த இடத்தில் அட்டையே ஆசிரியனாயிற்று. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வலிப்புக்கும் அவ்விதம் செய்யத் தடை யாது?

மற்றொன்று: 300 முக்கிய மருந்துகளின் பெட்டிகளில் 2023 ஆகஸ்ட் 1 முதல் க்யூ.ஆர். குறி கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. போலி மருந்தைக் கண்டறிவதே அதன் நோக்கம். பெயரும் காலாவதித் தேதியும் அதில் அடங்கியுள்ளன. அக்குறியின் இடத்தைத் தொட்டறியும்படி ஒரு மேடு வைத்து, செல்பேசி அவ்விவரத்தைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லும்படி செய்தால், பிரெய்லி அறியாதாரும் பயனடைவர். நடுவயதில் கண்ணிழந்தோர் பலர் பிரெய்லி கற்றவரல்லர் என்பதை மறத்தலாகாது.

குருசுக்குப்பத்திலிருந்து வடக்கே சிறிது தூரம் சென்றால் கோட்டக்குப்பம். அது விழுப்புரம் மாவட்டம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டத்தில், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளைப் பெண் தொண்டர்கள் வீடுதேடிச் சென்று கொடுக்கின்றனர். வாசற்படி வரை வரும் தொண்டர், மாத்திரைப் பட்டையில் தொட்டறியும் அடையாளமிட்டு, எஞ்சிய மாத்திரைகளை எண்ணிப் பார்த்து, உண்ணும் முறையையும் கேட்டறிந்து வருவாராயின், அதனினும் சிறந்த வைத்தியத் தொண்டு வேறில்லை.

ஆகவே நாம் கேட்பன இவை. முதலாவது, மருந்துப் பெட்டியில் பிரெய்லிப் பெயரும், பெரிய எழுத்தில் தமிழ்ப் பெயரும் வேண்டும். அதற்கேற்ப மருந்து விதிகளை மத்திய சர்க்கார் திருத்த வேண்டும். இரண்டாவது, சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் மாற்றுத்திறனாளிக்கு எழுத்திலோ சைகையிலோ குரலிலோ விளக்கம் தரும் ஒருவர் இருக்க வேண்டும். மூன்றாவது, இடிக்கக்கூடாத மாத்திரையின் உறையில் அதனைத் தெளிவாகத் தமிழில் அச்சிட வேண்டும். இவற்றைச் சட்டசபையில் எழுப்புவது நம் பிரதிநிதிகளின் கடமை. எழுப்பச் செய்வது ஜனங்களின் கடமை.

சர்க்கார் அசையுமளவும் வீட்டார் காத்திருக்க வேண்டுவதில்லை. மாத்திரைப் பட்டையை முழுதாகவோ, பெயரும் தேதியும் உள்ள முனையுடனோ கேட்டு வாங்குக. காலை மருந்துக்கு ஒரு ரப்பர் வளையம், இரவு மருந்துக்கு இரண்டு என்று மாட்டி வைக்கலாம். திரவ மருந்தை வீட்டுக் கரண்டியால் அளக்காது, அளவுக்கோடிட்ட குழலால் அளக்க வேண்டும். டாக்டரைக் கேளாமல் எதனையும் இடித்தலும் உடைத்தலும் கூடா. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தலும் கூடாது. வலிப்பு வந்த வேளையில் வாயில் மருந்தோ நீரோ ஊற்றுவதும், கையில் இரும்பைத் திணிப்பதும் அறவே ஒழிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இம்மருந்து எதற்கென்று உண்பவரிடமே சொல்லுங்கள். அவருக்குப் புரியாது என்று நீங்களாகவே தீர்மானித்துவிடாதீர்கள்.

தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்தல் காலத்தில் வீதிதோறும் வாக்காளர் ஜாபிதாவுடன் அலைந்து, எவ்வீட்டில் எத்தனை வாக்கு என்பதை விரல் நுனியில் வைத்திருக்கிறீர்கள். எவ்வீட்டில் தம் மருந்தைத் தாம் அறியாத ஒருவர் இருக்கிறார் என்பதையும் அவ்விதமே அறிந்து வாருங்கள். குருசுக்குப்பத்தின் ஒரு வீதியில் தொடங்கினால் போதும். தன் உடலுக்குள் செல்லும் பொருள் இன்னதென்று அறியும் சுதந்தரம் இல்லாதவனுக்கு, நாட்டின் சுதந்தரம் என்ன பயன் தரும்? அதனை அவனுக்குப் பெற்றுத் தருவது தயவன்று, கடமை.