பிரைவேட் கிளவுட்: கேட்டவுடன் ஒரு கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு முதல் இரண்டு நாட்கள் எப்படிப் போகும் என்று தெரியும். விண்டோஸ் அப்டேட், பிரவுசர், தமிழ் கீ போர்டு, பிரிண்டர் டிரைவர் என்று ஒவ்வொன்றாக இன்ஸ்டால் செய்து முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இதே வேலையை 200 புரோகிராமர்கள் உள்ள ஒரு சாப்ட்வேர் நிறுவனத்தில் செய்வதாக எண்ணிப் பாருங்கள்.

புரோகிராமருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் மட்டும் போதாது. ஜாவா அல்லது பைத்தான் வேண்டும், டேட்டாபேஸ் வேண்டும், வெப் சர்வர் வேண்டும். ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட பதிப்பு (வெர்ஷன்) தான் இருக்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இன்ஜினியர் தன் முதல் வாரத்தை இதற்கே செலவழிப்பது எங்கள் துறையில் சர்வ சாதாரணம். சம்பளம் மட்டும் முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும்!

நேரம் போவது கூடப் பெரிய பிரச்னை இல்லை. ஒருவர் கம்ப்யூட்டர் போல இன்னொருவருடையது இருக்காது என்பதுதான் பிரச்னை. ஓர் எடுத்துக்காட்டு பார்க்கலாம். விண்டோஸில் ஒரு பைலின் பெயரைப் பெரிய ஆங்கில எழுத்தில் எழுதினாலும் சிறிய எழுத்தில் எழுதினாலும் வழக்கமாக ஒரே பைல்தான். லினக்ஸில் அவை இரண்டும் வெவ்வேறு பைல்கள். புரோகிராமர் விண்டோஸில் எழுதும்போது பைல் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி டைப் செய்திருந்தாலும் அவரிடம் புரோகிராம் ஒழுங்காக ஓடும். அதே புரோகிராம் வாடிக்கையாளரின் லினக்ஸ் சர்வருக்குப் போனதும், பைலைக் காணவில்லை என்று நின்றுவிடும். பில் போடும் கவுண்டரில் வரிசையாக ஆட்கள் காத்திருப்பார்கள். விசாரித்தால் புரோகிராமர் சொல்லும் பதில் உலகம் முழுவதும் ஒன்றுதான்: "என் கம்ப்யூட்டரில் ஓடுகிறதே!" அவர் பொய் சொல்லவில்லை.

இதற்கான தீர்வின் அடிப்படை, விர்ச்சுவல் மெஷின். ஒரு கம்ப்யூட்டருக்குள், சாப்ட்வேர் மூலம் இன்னொரு கம்ப்யூட்டரை உருவாக்குவது இது. இந்த உள் கம்ப்யூட்டருக்குத் தனி மெமரி, தனி ஹார்ட் டிஸ்க், தனி ஆபரேட்டிங் சிஸ்டம் உண்டு. அதன் ஹார்ட் டிஸ்க் என்பது உண்மையில் நம் டிஸ்க்கில் உள்ள ஒரு பெரிய பைல்தான். இது புதிய எண்ணமும் அல்ல. ஐ.பி.எம். நிறுவனம் 1972லேயே தன் பெரிய கம்ப்யூட்டர்களுக்கு வி.எம்/370 என்ற சிஸ்டத்தை வெளியிட்டது. நம் மேஜைக்கு இதைக் கொண்டு வந்தது 1999ல் வந்த விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன். பின்னர் 2005, 2006 ஆண்டுகளில் இன்டெல், ஏஎம்டி நிறுவனங்கள் இதற்கான வசதியைப் பிராசசரிலேயே சேர்த்தன.

கம்ப்யூட்டர் என்பது ஒரு பைல் ஆகிவிட்டால், அதைக் காப்பி எடுக்கலாம், கெட்டுப்போனால் அழிக்கலாம். அமேசான் நிறுவனம் 2006ல் தன் டேட்டா சென்டரில் இத்தகைய மெஷின்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. நம் நிறுவனத்தின் சொந்த சர்வர்களிலேயே, நம் ஆட்களுக்கு மட்டும் இதே வசதியைக் கொடுத்தால் அது பிரைவேட் கிளவுட். இதற்கெனப் பரவலாகப் பயன்படும் இலவச சாப்ட்வேர் ஓபன்ஸ்டேக். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவும் ரேக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து 2010 ஜூலையில் இதை அறிவித்தன. அணுத்துகள் ஆராய்ச்சி செய்யும் ஜெனீவாவின் செர்ன் மையம் 2013 முதல் இதைத்தான் பயன்படுத்தி வருகிறது.

புரோகிராமர் ஒரு மெஷின் வேண்டும் என்று கேட்டவுடன், எந்த சர்வரில் இடம் இருக்கிறது என்று ஓபன்ஸ்டேக் பார்க்கும். தயாராக உள்ள ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நகலை (இதற்கு இமேஜ் என்று பெயர்) அங்கே வைத்து, நெட்வொர்க் முகவரி கொடுத்து, இயக்கிவிடும். அடுத்து என்னென்ன சாப்ட்வேர், எந்தப் பதிப்பு என்பதை ஒரு சாதாரண டெக்ஸ்ட் பைலில் எழுதி வைத்திருப்பார்கள். அதைப் படித்து மெஷின் தானே இன்ஸ்டால் செய்துகொள்ளும். இந்த வேலைக்கான செப் என்ற சாப்ட்வேரில் அந்த பைலுக்குப் பெயரே சமையல் குறிப்புதான்! குறிப்பு ஒன்றே என்பதால், சமைப்பவர் யாராக இருந்தாலும் சாம்பார் ஒரே ருசியாக இருக்கும். அந்தப் பெரிய எழுத்து, சிறிய எழுத்துக் கோளாறும் வாடிக்கையாளரிடம் போகும் முன், நம் மெஷினிலேயே பிடிபட்டுவிடும்.

ஓபன்ஸ்டேக்கை எழுதுபவர்கள் தங்கள் வேலைக்கு இதையே பயன்படுத்தும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். யாராவது புரோகிராமில் ஒரு வரியை மாற்றி அனுப்பினால், அதற்கெனப் புதிய விர்ச்சுவல் மெஷின்கள் எடுக்கப்படும். அவற்றில் சாப்ட்வேர் இன்ஸ்டால் ஆகி, சோதனைகள் ஓடும். தேறினால்தான் அந்த வரி சேரும். சேர்ப்பதையும் மெஷினே செய்கிறது. சோதனை முடிந்ததும் அந்த மெஷின் அழிக்கப்படும். அடுத்த சோதனைக்கு வேறொரு புதிய மெஷின். பலர் வேகமாக உருவாக்குவதைத்தான் பெருமையாகப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், தயங்காமல் அழிக்க முடிவதே பெரிய விஷயம். முந்தைய சோதனையின் மிச்சம் மீதி எதுவும் அடுத்ததைக் கெடுக்காது.

சிக்கல்களும் உண்டு. கேட்டால் கிடைக்கிறது என்பதால் ஆளுக்கு நான்கு மெஷின் எடுத்து, மறந்து விடுவார்கள். இமேஜை மாதக் கணக்கில் புதுப்பிக்காமல் விட்டால், அதிலிருந்து பிறக்கும் எல்லா மெஷின்களிலும் ஒரே பாதுகாப்பு ஓட்டை இருக்கும். ஓபன்ஸ்டேக்கை நிர்வகிக்கத் தனி ஆட்கள் வேண்டும். பத்துப் பேர் உள்ள அலுவலகம் இதில் இறங்க வேண்டியதில்லை. 2010ல் வந்த வேக்ரன்ட், 2013ல் வந்த டாக்கர் போன்றவையே அவர்களுக்குப் போதும்.

வீட்டில் உள்ள உங்களுக்கு இதில் என்ன பயன்? குழந்தைகளின் போட்டோக்களும் வங்கி விவரங்களும் உள்ள கம்ப்யூட்டரில், முன்பின் தெரியாத புரோகிராமை இன்ஸ்டால் செய்து பார்ப்பது ஆபத்து. ஆரக்கிள் நிறுவனம் இலவசமாகத் தரும் விர்ச்சுவல்பாக்ஸ் இருந்தால், அதை ஒரு விர்ச்சுவல் மெஷினில் செய்து பார்க்கலாம். முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்பார்மன்ஸ் டேபில் சிபியு பகுதியைப் பார்க்கவும். விர்ச்சுவலைசேஷன் என்பதற்கு எதிரே எனேபிள்டு என்று இருக்க வேண்டும். இல்லை என்றால் பயாஸ் செட்டிங்ஸில் அதை இயக்க வேண்டும். ராம் மெமரி 8 ஜிபியாவது இருந்தால் நல்லது. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ஐஎஸ்ஓ பைலை அதன் இணையதளத்திலிருந்து டவுண்லோட் செய்திடவும். விர்ச்சுவல்பாக்ஸில் நியூ பட்டனை அழுத்தி அந்த பைலைக் காட்டி, 2 அல்லது 3 ஜிபி மெமரியும் 25 ஜிபி டிஸ்க்கும் ஒதுக்கவும்.

இன்ஸ்டால் முடிந்ததும் உடனே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்திடவும். பிறகு உள்ளே என்ன கெட்டாலும், மெஷினை நிறுத்திவிட்டு ரெஸ்டோர் கொடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று எண்ண வேண்டாம். உங்கள் ஹார்ட் டிஸ்க் போனால் அதுவும் போகும். ஷேர்டு போல்டர் என்ற வசதியைச் சோதனை மெஷினில் இயக்காதீர்கள். உள்ளே வந்த வைரஸ் அந்த வழியாக உங்கள் சொந்த பைல்களைத் தொட முடியும். விர்ச்சுவல்பாக்ஸுடன் தனியாகக் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் பேக், சொந்தப் பயன்பாட்டிற்கு இலவசம். அலுவலகத்தில் அதைப் போடுவதானால் லைசென்ஸ் வாங்க வேண்டும்.

விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு வேலையும் இல்லை. விண்டோஸ் பீச்சர்ஸ் பட்டியலில் விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் என்பதை டிக் செய்து ரீஸ்டார்ட் செய்தால், புத்தம் புதிய விண்டோஸ் ஒன்று தனி விண்டோவில் கிடைக்கும். அதை மூடியதும் உள்ளே செய்தது எல்லாம் அழிந்துவிடும். ஹோம் பதிப்பில் இந்த வசதி தரப்படவில்லை.