கலோரிக் கணக்கும் கைத்தொலைபேசியின் ஆரூடமும்

உடல் எடையைக் குறைக்க வேண்டும் என்னும் கவலை இன்று நகரவாசிகளுக்கு மட்டும் உரியதன்று. மன்னார்ப் பெருநிலப்பரப்பின் கரையோரத்தில், வங்காலைக்கு அண்மையில் அமைந்துள்ள நறுவிலிக்குளம் போன்ற கிராமங்களிலும் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் என்பன வீட்டுப் பேச்சாகிவிட்டன. எடையைக் குறையுங்கள் என்று வைத்தியர் சொல்கின்றார். எப்படிக் குறைப்பது என்று விளக்க அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. எனவே பலர் கையிலுள்ள தொலைபேசியையே நாடுகின்றனர்.

கலோரிக் கணக்குச் செயலிகள் வயதையும் உயரத்தையும் எடையையும் கேட்டுக்கொள்கின்றன. உண்டவற்றை எல்லாம் பதியச் சொல்கின்றன. பின்னர், இவ்வாறே தொடர்ந்தால் இத்தனை வாரங்களில் உங்கள் எடை இவ்வளவாக இருக்கும் என்று ஓர் எண்ணைக் காட்டுகின்றன. 2005இல் தொடங்கப்பட்ட மைஃபிட்னெஸ்பால், அன்றைய பதிவு முடிந்ததும் ஐந்து வாரங்களுக்குப் பின்னர் இருக்கப்போகும் எடையைச் சொல்லும் வசதியினால் பெயர் பெற்றது. தசம தானம் வரை துல்லியமாகத் தோன்றும் அந்த எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இன்று நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி. நம்பிய எடை குறையாதபோது சிலர் முயற்சியையே கைவிடுகின்றனர்; வேறு சிலர் உணவை ஆபத்தான அளவுக்குக் குறைக்கின்றனர். ஆதலால் இது வெறும் கணக்குப் பிரச்சினையன்று.

செயலியின் ஆரூடம் மூன்று எண்களின் மேல் நிற்கின்றது. உடல் செலவிடும் சக்தி எவ்வளவு, உண்ட உணவின் சக்தி எவ்வளவு, இவ்விரண்டின் வேறுபாடு எத்தனை கிலோ எடையாக மாறும் என்பனவே அவை. மூன்றும் மதிப்பீடுகளே, எதுவும் அளந்து பெற்றதன்று.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். ஓய்வு நிலையில் உடல் செலவிடும் சக்தியைக் கணிக்கப் பல செயலிகள் 1990இல் வெளியான மிஃப்லின் சமன்பாட்டைக் கையாள்கின்றன. அது அமெரிக்காவில் 498 பேரை அளந்து உருவாக்கப்பட்டது. எடையும் உயரமும் ஒன்றாக இருந்தாலும், தென்னாசியரின் உடலில் தசையின் பங்கு குறைவாகவும் கொழுப்பின் பங்கு கூடுதலாகவும் இருப்பது வழக்கம். சக்தியைக் கூடுதலாகச் செலவிடுவது தசையே. உலக அமைப்புகள் அக்காலத்தில் பயன்படுத்திய சமன்பாடுகள் வெப்பவலய மக்களின் சக்திச் செலவை ஏறத்தாழ 8 வீதம் கூட்டிக் காட்டுகின்றன என்று ஹென்றி, ரீஸ் ஆகிய ஆய்வாளர்கள் 1991இல் எடுத்துக்காட்டினர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இந்தியருக்கெனக் கணிக்கையில் 5 வீதத்தைக் கழித்துக்கொண்டது. செயலியோ நறுவிலிக்குளத்தவரையும் நியூயோர்க் வாசியையும் ஒரே சூத்திரத்தால் அளக்கின்றது.

கைக்கடிகாரம் போன்ற கருவிகள் இதைச் சரிசெய்துவிடும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தினர் 60 பேரைக் கொண்டு ஏழு கருவிகளைச் சோதித்து 2017இல் முடிவை வெளியிட்டனர். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே அளந்தன. எரித்த கலோரியைச் சொல்வதில் மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 வீதம் தவறியது. மிக மோசமானது 93 வீதம் தவறியது. கருவி கூட்டிக் காட்டும் கலோரியை நம்பி, நடந்துதானே வந்தோம் என்று ஒரு பணிஸை மேலதிகமாக உண்பவர் ஏமாறுவது திண்ணம்.

இரண்டாவது எண் உணவைப் பற்றியது. இங்கேதான் எமது சமையலறைகள் செயலிகளுக்குப் பிடிகொடுப்பதில்லை. ஒரு கிராம் மாச்சத்துக்கும் புரதத்துக்கும் 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி என்னும் கணக்கு, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்பர் அட்வோட்டர் என்னும் அமெரிக்க விஞ்ஞானி வகுத்தது. சராசரிக்கு அது பொருந்தும். ஒவ்வொரு உணவுக்கும் பொருந்தும் என்பதற்கில்லை. உதாரணமாக, 28 கிராம் பாதாமில் 170 கலோரி அளவில் இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. மனிதர் அதை உண்டு செரித்த பின்னர் உண்மையில் கிடைப்பது 129 கலோரி மட்டுமே என 2012இல் வெளியான ஆய்வொன்று கண்டது.

எமது பிரதான உணவான சோற்றிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. கொழும்பிலுள்ள இரசாயன விஞ்ஞானக் கல்லூரியைச் சேர்ந்த சுதேர் ஜேம்ஸ், புஷ்பராஜா தவராஜா ஆகியோர் 38 வகை அரிசிகளை ஆராய்ந்து, 2015 மார்ச்சில் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் மாநாட்டில் தமது முடிவுகளை வைத்தனர். கொதிநீரில் சிறிதளவு தேங்காயெண்ணெய் சேர்த்துச் சோற்றைச் சமைத்து, 12 மணிநேரம் குளிரூட்டினால், எளிதில் செரியாத மாச்சத்தின் அளவு கூடுகின்றது என்பதே அவர்களது கண்டுபிடிப்பு. உடலுக்குச் சேரும் கலோரி அதனால் குறையக்கூடும் என்றும் அவர்கள் கூறினர். இது ஆய்வுக்கூட மட்டத்திலான முடிவே. இதை நம்பிச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆனால் சுடுசோறும் முந்திய நாட் சோறும் செயலியின் ஏட்டில் ஒன்றே என்பதை இது விளங்கவைக்கின்றது.

பதிவு செய்பவரின் தவறு இதனிலும் பெரிது. செயலி கிராமைக் கேட்கின்றது. எமது வீடுகளில் சுண்டும் அகப்பையும் கைப்பிடியுமே அளவைகள். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 350 கலோரி உண்டு. 100 கிராம் சோற்றில் 130 அளவிலேயே உண்டு. அரிசிக்கும் சோற்றுக்குமான பதிவை மாற்றித் தொட்டுவிட்டால் கணக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு பிழைத்துவிடும். சொதி என்று பதிகின்றோம்; அது முதற்பாலில் வைத்ததா, மூன்றாம் பாலில் வைத்ததா என்று செயலி அறியாது. முஸ்லிம் வீட்டு விருந்தொன்றில் பலர் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும்போது, தமது பங்கு எத்தனை கிராம் என்று எவராலும் கூற முடியாது. போதாக்குறைக்குச் சில செயலிகளின் உணவுப் பட்டியலில் பயனாளர்களே விரும்பியதைச் சேர்க்கின்றனர். ஐதராபாத்திலுள்ள தேசியப் போஷாக்கு நிறுவனம் 2017இல் 528 உணவுகளுக்கு வெளியிட்டது போன்ற ஆய்வுகூட அட்டவணைகளுடன் அவற்றை ஒப்பிட முடியாது.

மறதியும் சேர்ந்துகொள்கின்றது. எவ்வளவு குறைத்து உண்டாலும் எடை குறையவில்லை என்று முறையிட்ட 10 பேரை நியூயோர்க்கில் ஆராய்ந்து 1992இல் வெளியிட்டனர். அவர்களது உடலின் சக்திச் செலவில் குறை எதுவும் காணப்படவில்லை. உண்டதை அவர்கள் சராசரியாக 47 வீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 வீதம் கூட்டியும் சொல்லியிருந்தனர். அவர்கள் பொய் கூறினர் என்று நாம் கருதவில்லை. பிள்ளை மிச்சம்வைத்த கவளத்தையும் ருசி பார்த்த கரண்டியையும் எந்தத் தாய் எழுதிவைப்பார்?

மூன்றாவது எண், ஒரு கிலோ எடைக்கு 7,700 கலோரி என்பது. மக்ஸ் விஷ்னோவ்ஸ்கி என்னும் அமெரிக்க வைத்தியர் 1958இல் ஓர் இறாத்தலுக்கு 3,500 கலோரி என்று கூறியதே இதன் மூலம். நாளொன்றுக்கு 500 கலோரியைக் குறைத்தால் ஓராண்டில் ஏறக்குறைய 24 கிலோ குறையும் என்பது இந்தக் கணக்கு. ஆனால் எடை குறையக் குறைய உடலின் தேவையும் குறைகின்றது. 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டாவில் அன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞரை அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தபோது, அவர்களது உடல்கள் செலவைச் சுருக்கிக்கொண்டமை தெளிவாயிற்று. வருமானம் குறைந்த வீடு செலவைக் குறைப்பது போன்றதே இது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகத்தின் கெவின் ஹோல் குழுவினர் இம்மாற்றத்தையும் சேர்த்து 2011இல் புதிய கணிப்பு முறையொன்றை வெளியிட்டனர். அதன்படி, அதே 500 கலோரிக் குறைப்பு முதலாண்டில் தருவது ஏறத்தாழ 10 கிலோ மட்டுமே. பாதிக்கும் மேற்பட்ட வேறுபாடு இது.

இம்மூன்று தவறுகளும் ஒன்றுசேரும்போது நிகழ்வதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். நறுவிலிக்குளத்தில் 35 வயதும் 155 சென்ரிமீற்றர் உயரமும் 70 கிலோ எடையுமுள்ள குடும்பத்தலைவி ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். அவர் நாளொன்றுக்கு 1,830 கலோரி செலவிடுவதாகச் செயலி கணிக்கும். 1,330 கலோரி உண்டால் பத்து வாரத்தில் 4½ கிலோ குறையும் என்றும் சொல்லும். அவரது ஓய்வுநிலைச் செலவு சமன்பாடு காட்டுவதிலும் 5 வீதம் குறைவானால் நாளுக்கு 90 கலோரி வரை போய்விடும். தாளிதத்தில் பதியாமல் விட்ட ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்கு 120 கலோரி. இரண்டு கரண்டி சீனி இட்ட மூன்று கோப்பைத் தேநீருக்கு 95 கலோரி வரை. 500 என்று எண்ணிய குறைப்பில் எஞ்சுவது 200இலும் சற்றுக் குறைவே. பத்து வாரத்தின் முடிவில் அவர் காண்பது 1¾ கிலோ அளவிலான குறைவாகத்தான் இருக்கும். அவர் தோற்றுவிடவில்லை, கணக்குத்தான் தோற்றது. ஆயினும் மனமுடைபவர் அவரே.

தராசும் சில வேளைகளில் ஏமாற்றும். உணவைக் குறைத்த முதல் வாரத்தில் இறங்கும் எடையில் பெரும்பங்கு நீரே. கருவாட்டுக் குழம்பு உண்ட மறுநாள் ஏறும் எடையும் உப்புப் பிடித்துவைத்த நீரே. ரமழான் மாதத்தில் இது இன்னும் தெளிவாகப் புலப்படும். நோன்பு காலத்தில் சராசரியாக 1 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக எடை குறைவதையும், பெருநாளுக்குப் பின்னர் சில வாரங்களில் அதில் பெரும்பகுதி திரும்பிவிடுவதையும் பல ஆய்வுகளின் தொகுப்புக் காட்டுகின்றது. நள்ளிரவுடன் நாளை முடிக்கும் செயலி, இப்தாரை ஒரு நாளிலும் அதைத் தொடரும் சஹரை மறுநாளிலும் சேர்க்கின்றது. நோன்பாளியின் ஒருநாட் கணக்கைக் கொண்டு அது சொல்லும் ஆரூடத்திற்குப் பெறுமதி இல்லை.

இவ்வளவும் கூறியதனால் செயலிகளை ஒதுக்கிவிட வேண்டும் என்பது எமது கருத்தன்று. அமெரிக்காவில் ஏறத்தாழ 1,700 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், உணவுக் குறிப்பை நாள்தோறும் எழுதியவர்கள், எழுதாதவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு எடையைக் குறைத்தனர். எழுதும் பழக்கமே பயன்தருகின்றது; எண் பிழைத்தாலும் கவனம் பிழைப்பதில்லை. ஆனால் செயலியைக் கையில் கொடுத்துவிட்டால் மட்டும் போதாது. 2014இல் வெளியான மற்றோர் ஆய்வில் 212 நோயாளரில் ஒரு பகுதியினருக்கு மைஃபிட்னெஸ்பால் அறிமுகப்படுத்தப்பட்டது. ஆறு மாதத்தில் அவர்களுக்கும் ஏனையோருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. முதல் மாதத்தின் பின்னர் பெரும்பாலானோர் அதைத் திறப்பதையே குறைத்துவிட்டனர்.

மறுபக்கத்தில் ஆபத்தும் உண்டு. உணவு உண்ணுதல் தொடர்பான உளநோய்க்குச் சிகிச்சை பெற்ற 105 பேரிடம் வினவி 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நால்வரில் மூவர் இச்செயலியைப் பயன்படுத்தியிருந்தனர். அவர்களுள் 73 வீதத்தினர் தமது நோய்க்கு அதுவும் ஒரு காரணம் என்று கருதினர். இளம் பெண் பிள்ளைகள் எண்ணைத் துரத்திப் பட்டினி கிடப்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். இன்சுலின் ஏற்றுவோரும், இரத்தச் சீனியைக் குறைக்கும் மாத்திரை உண்போரும் செயலி சொன்னதென்று உணவைக் குறைத்தால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். நோன்பு நோற்க விரும்பும் நீரிழிவு நோயாளர் ரமழானுக்கு முன்னரே வைத்தியரைக் காண்பது அவசியம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இக்கணக்கில் இறங்கவே கூடாது.

அப்படியாயின் செய்யத்தக்கது என்ன? செயலியைக் குறிப்பேடாகக் கொள்க. சோதிடராகக் கொள்ள வேண்டாம். வாரம் இருமுறை, காலையில், ஒரே தராசில் எடையைப் பார்த்து எழுதி வருக. நான்கு வாரச் சராசரி இறங்கினால் உங்கள் வழி சரி. இறங்காவிட்டால் செயலி எதைச் சொன்னாலும் சோற்றில் ஓர் அகப்பையையோ தேநீரில் சீனியையோ குறைக்க வேண்டும் என்பதே பொருள். எண்ணெயையும் தேங்காய்ப்பாலையும் முதலில் அளந்து பழகுக. கடையில் வாங்கும் பானங்களில் 2016 முதல் இலங்கையில் கட்டாயமாக்கப்பட்ட வர்ணக் குறியீட்டைப் பாருங்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு என்பது எந்தச் செயலியும் இன்றியே விளங்கும்.

அரச தரப்புக்கும் ஒரு கடமை உண்டு. ஆரம்ப சிகிச்சை நிலையங்களில் 2011 முதல் ஏற்படுத்தப்பட்ட ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் எடையையும் அழுத்தத்தையும் சீனியையும் இலவசமாகப் பரிசோதிக்கின்றன. அங்கு வருவோருக்குப் புட்டுக்கும் சொதிக்கும் கருவாட்டுக்கும் பொருந்தும் உணவு ஆலோசனையைத் தமிழில் வழங்க ஆளணி இருத்தல் வேண்டும். அந்த ஆலோசனை கிடைக்காத இடத்தையே தொலைபேசி நிரப்புகின்றது.

முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்ணுமாறு வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வற்புறுத்துகின்றார். வயிற்றில் ஒரு பங்கை உணவுக்கும் ஒரு பங்கைப் பானத்துக்கும் ஒரு பங்கை மூச்சுக்கும் விடுமாறு நபிகளார் வழிகாட்டியுள்ளார். இவ்விரு வழிகாட்டல்களிலும் கிராமும் இல்லை, கலோரியும் இல்லை. உண்பவர் தம்மைத்தாமே கவனிக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு மட்டுமே உண்டு. அந்தக் கவனத்திற்குத் துணைசெய்யும் வரை செயலி நன்று. அது காட்டும் எண்ணுக்காக எவரும் தம்மை நொந்துகொள்ளவோ வருத்திக்கொள்ளவோ வேண்டியதில்லை.