தேன் விற்பவர் எந்த ஊர்?

கச்சிராயபாளையத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் தேன், புளி, சாமை, கடுக்காய் ஆகியவற்றை வாங்கி விற்பவர். மகள் இணையதளம் தொடங்கிக் கொடுத்துவிட்டாராம். படம், விலை, பணம் கட்டும் வழி எல்லாம் தயார். ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கம் மட்டும் பாக்கி. தளம் வடிவமைத்தவர் மாதிரிக்காகச் சில வரிகளைப் போட்டு வைத்திருக்கிறார்: தரமே எங்கள் தாரக மந்திரம், வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம். “இதையே விட்டுவிடலாமா சார்? அந்தப் பக்கத்தை யார் படிக்கப் போகிறார்கள்?” என்று கேட்கிறார்.

வாங்குவதென்று முடிவு செய்துவிட்டவர் படிக்க மாட்டார். தயங்குகிறவர்தான் அங்கே போவார். தேன் விஷயத்தில் தயக்கம் கொஞ்சநஞ்சமல்ல. 2020 டிசம்பரில் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளின் தேனைச் சோதித்து, அவற்றில் 10 தேறவில்லை என்று அறிவித்தது. நிறுவனங்கள் மறுத்தன, ஆனாலும் மக்கள் மனத்தில் விழுந்த சந்தேகம் அப்படியே தங்கிவிட்டது. கோயம்புத்தூரில் உட்கார்ந்து உங்கள் தேன் பாட்டிலின் படத்தைப் பார்ப்பவர், பணம் கட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்ப்பார்.

என் மாமா மளிகைக் கடை வைத்திருந்தார். புதிதாகப் புளி கொண்டுவரும் வியாபாரியிடம் முதலில் புளியைப் பற்றிக் கேட்க மாட்டார். எந்த ஊர், யார் வீடு, சந்தையில் யாருக்குப் போடுகிறாய் என்றுதான் ஆரம்பிப்பார். பதில் தடுமாறினால் மூட்டையைப் பிரிக்கவே விடமாட்டார். இணையத்தில் அந்தக் கேள்விகளை வாய்விட்டுக் கேட்க முடியாததால், பதிலை முன்கூட்டியே எழுதி வைக்கிறோம். அவ்வளவுதான் இந்தப் பக்கத்தின் வேலை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 2002இல் தொகுத்த நம்பகத்தன்மை வழிகாட்டுதல்களும் சுற்றி வளைத்து இங்கேதான் வருகின்றன: தளத்துக்குப் பின்னால் நிஜமான நிறுவனமும் நிஜமான மனிதர்களும் இருப்பதைக் காட்டு, தொடர்புகொள்வதை எளிதாக்கு. சொல்லப்போனால், டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கி, 1991இல் உலகுக்கு அறிவித்த முதல் இணையதளமே ஒரு ‘எங்களைப் பற்றி’தான். இது என்ன திட்டம், யார் யார் ஈடுபட்டிருக்கிறார்கள், நீங்கள் எப்படி உதவலாம் என்பவற்றைத்தான் அது சொன்னது.

ஆனால் என்னை வெகுநாளாக இழுத்து வைத்திருப்பது செர்ன் அல்ல, ஐந்நூற்றுவர். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்று பெயர் பெற்ற அந்த வணிகக் குழுவினர், கர்நாடகத்தின் ஐஹொளேயைத் தங்கள் தாயகமாகச் சொல்லிக்கொண்டு, தென்னிந்தியா, இலங்கை எங்கும் கடல் கடந்தும் வியாபாரம் செய்தார்கள். அரசர்களைப் போல இவர்களுக்கும் மெய்க்கீர்த்தி உண்டு. கல்வெட்டைத் தொடங்கும்போதே தங்கள் புகழைப் பாடிக்கொள்வார்கள்: உலகமெங்கும் பெயர் பெற்றவர்கள், ஐந்நூறு வீரசாசனங்கள் உடையவர்கள், ஐஹொளேயின் பரமேசுவரிக்கு மக்கள், 18 பட்டினம், 32 வேளாபுரம், 64 கடிகைத்தாவளம் என எங்கும் பரவியவர்கள். படித்தால் பிரமிப்பாக இருக்கும். ஆனால் இவர்களிடம் மிளகு வாங்கலாமா என்பதற்கு அதில் பதில் கிடையாது.

அதே குழுவினர் சுமத்ராவின் மேற்குக் கரையில், பாருஸ் அருகே லோபு துவாவில் விட்டுச் சென்ற தமிழ்க் கல்வெட்டைப் பாருங்கள். சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. கல் சிதைந்திருந்தாலும் சங்கதி புரிகிறது. எந்த ஆண்டு, எந்த மாதம், எந்த ஊரில் கூடினோம், அங்கே வரும் மரக்கலத்தின் தலைவரும் ஆட்களும் கஸ்தூரி விலையை ஒட்டி எவ்வளவு பொன் கட்டணம் செலுத்த வேண்டும் என்று விவரமாகப் போகிறது. சிவகங்கை மாவட்டத்துப் பிரான்மலையில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இன்னும் ஒருபடி மேல். உப்பு, நெல், மிளகு, மஞ்சள், சுக்கு, இரும்பு, பருத்தி, தேன், மெழுகு என்று சரக்கு சரக்காகச் சொல்லி, கோயிலுக்கு எதற்கு எவ்வளவு என்று நிர்ணயித்திருக்கிறார்கள். அந்த வணிகர்கள் எப்படி வியாபாரம் செய்தார்கள் என்று இன்று நாம் தெரிந்துகொள்வது இந்த வரிகளால்தான், 18 பட்டினப் பெருமையால் அல்ல.

உங்கள் தளத்தில் இப்போது இருப்பது மெய்க்கீர்த்தி. அதுவும் இரவல் மெய்க்கீர்த்தி. அதே வரிகள் பம்புசெட் கடையிலும் பல் மருத்துவமனையிலும் இருக்கின்றன. அதை எடுத்துவிட்டு பாருஸ் கல்வெட்டைப் போல எழுதுங்கள். கடை கச்சிராயபாளையத்தில் எந்தத் தெருவில் இருக்கிறது, எந்த ஆண்டு தொடங்கியது. கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் எந்தெந்தக் கிராமங்களிலிருந்து தேன் வருகிறது. அது மலைத்தேனா, கொம்புத்தேனா, எந்த மாதம் எடுத்தது. காய்ச்சுகிறீர்களா, வடிகட்ட மட்டும் செய்கிறீர்களா. எதை விற்பதில்லை என்பதையும் சொல்லுங்கள். “பெட்டித்தேன் எங்களிடம் இல்லை” என்ற ஒரு வரி பத்துப் பாராட்டுக்குச் சமம். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணைப் போடுங்கள். 2020இன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, சட்டப்பூர்வப் பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறைதீர்க்கும் அலுவலர் பெயர் எல்லாம் தளத்தில் இருந்தாக வேண்டும். அவற்றை யாரும் பார்க்காத மூலையில் பொடி எழுத்தில் ஒளிக்காமல் இந்தப் பக்கத்திலேயே வைத்தால் என்ன?

இன்னொன்று, இது எனக்கு ஆற்றாமை. மலைப்பொருள் விற்கும் பல தளங்களில் சுருக்கம் விழுந்த ஒரு பாட்டியின் சிரித்த முகம் இருக்கும். கீழே “இயற்கையோடு வாழும் எளிய மக்கள்” என்று போட்டிருப்பார்கள். பாட்டி யார், படம் போடச் சம்மதித்தாரா, அவர் பொறுக்கிய கடுக்காய்க்குக் கிலோவுக்கு என்ன கொடுத்தார்கள் என்று ஒரு வார்த்தை இருக்காது. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தவர் அல்லர், மலையை ஆள்பவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள்) நமது விளம்பரத்துக்குத் திரைச்சீலை அல்ல. கேட்டுக்கொண்டு, விரும்பினால் பெயரோடு போடுங்கள். கொள்முதல் விலையையும் போட முடிந்தால் உங்கள் பக்கத்துக்கு நிகரே இருக்காது.

உங்கள் வட்டாரத்து மரச்சிற்பத்துக்கும் இதே கதிதான். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களின் மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விற்கும் தளங்கள் பலவற்றில் “தென்னிந்தியக் கலைப்பொருள்” என்பதோடு சரி. வாகையா, வேம்பா, மாமரமா, எந்தப் பட்டறை, உளி பிடித்த கை யாருடையது என்று இருக்காது. ஊர்ப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வாங்கிவிட்டு, அந்தப் பெயரையே எழுதாமல் விடுகிறார்கள்.

பக்கத்தின் நீளம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கைப்பேசியில் இரண்டு தள்ளு தள்ளினால் முடிந்துவிட வேண்டும். முதலில் தமிழில் எழுதிவிட்டு, பெங்களூர் வாடிக்கையாளருக்காக மகள் ஆங்கிலத்திலும் எழுதட்டும். தேன் தீர்ந்த மாதத்தில் “இப்போது கையிருப்பு இல்லை, அடுத்த எடுப்புக்குப் பிறகு” என்ற வரியையும் அங்கேயே சேர்த்துவிடுங்கள்.